இங்கிலீஷ் ஒலிகளும் நமது நாவும்

1888-ம் ஆண்டின் இறுதியில் லண்டன் மாநகரில் ஓர் இந்திய மாணாக்கர், தாம் ஓர் இங்கிலீஷ் கனவானாகிவிடுவதென்று தீர்மானித்தார். நாகரிகமான கடையில் உடுப்புத் தைத்துக்கொண்டார். நடனம் பயிலப் பணம் கட்டினார். பிடில் ஒன்றும் வாங்கினார். இவையும் போதாவென்று கருதி, பிரசங்கக் கலை போதிக்கும் ஆசிரியர் ஒருவரை அடைந்து, முன்பணமாக ஒரு கினி செலுத்தினார். அவ்வாசிரியர் 'பெல்ஸ் ஸ்டாண்டர்டு எலொகியூஷனிஸ்ட்' என்னும் நூலைப் பாட புத்தகமாகக் குறிப்பிட்டார். மாணாக்கர் அதனை வாங்கி, பிட் என்னும் பிரிட்டிஷ் ராஜதந்திரியின் பிரசங்கம் ஒன்றிலிருந்து பாடம் தொடங்கினார். இரண்டு மூன்று பாடங்களுக்குள் அவருக்கு விழிப்பு உண்டாயிற்று. ஆயுள் முழுவதையும் இங்கிலாந்திலா கழிக்கப் போகிறோம், இக்கலையால் நமக்கு ஆவதென்ன என்று தம்மையே வினவிக்கொண்டு, ஆசிரியருக்குக் கடிதம் எழுதி விடைபெற்றார். அம்மாணாக்கரே பின்னர் உலகம் மகாத்மா எனப் போற்றிய மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. இந்நிகழ்ச்சியைத் தம் சுயசரிதையில் அவரே நகைச்சுவையுடன் விவரித்திருக்கிறார்.

காந்தியடிகள் மூடிவைத்த அந்நூலை இயற்றியோர் டேவிட் சார்லஸ் பெல், அலெக்ஸாண்டர் மெல்வில் பெல் என்னும் இரு சகோதரர்கள். அது 1860-ல் வெளிவந்தது. இவர்களுள் இளையவரான மெல்வில் பெல் 1867-ல் முற்றிலும் வேறு வகையான மற்றொரு நூலை வெளியிட்டார். 'கண்ணாற் காணும் பேச்சு' என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். நா எங்கே நிற்கிறது, இதழ் குவிகிறதா விரிகிறதா, தொண்டையில் அதிர்வு உண்டா இல்லையா என்பவற்றைச் சித்திரம்போற் காட்டும் எழுத்துக்களை அவர் அதில் அமைத்தார். சபையில் எவரேனும் எந்தப் பாஷையின் ஒலியை எழுப்பினாலும், அவர் அதனை அவ்வெழுத்துக்களிற் குறித்துக்கொள்வார். அதுவரை வெளியே நின்ற அவருடைய புதல்வர்கள் உள்ளே வந்து, அக்குறிப்பைக் கண்டே அவ்வொலியை அப்படியே எழுப்பிக் காட்டுவார்கள். அப்புதல்வர்களுள் ஒருவரான அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் 1871 முதல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இம்முறையைக் கொண்டு செவிடர்களுக்குப் பேச்சுக் கற்பித்தார். 1876-ல் டெலிபோனுக்கு உரிமைப் பத்திரம் பெற்றவரும் அவரே.

ஒரே மனிதரின் பெயரைத் தாங்கிய இரண்டு நூல்கள். ஒன்று, பிறரைப் போலப் பேசிக் காட்டுவதற்கு வழி கூறுவது. மற்றொன்று, ஒலி எவ்வாறு பிறக்கிறதென்பதை அறிவிப்பது. முன்னது போலச் செய்தல். பின்னது அறிந்து செய்தல். நமது நாடு இவ்விரண்டனுள் எதனைக் கைக்கொண்டது? முன்னதையே என்று சொல்ல வெட்கப்படுகிறோம். 1947-ல் அந்நிய ஆட்சி அகன்றது. ஆயினும், இங்கிலீஷ்காரரைப் போல உச்சரிப்பவன் மேலானவன், தாய்மொழியின் சாயலோடு உச்சரிப்பவன் கீழானவன் என்னும் எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை. உத்தியோகத்துக்கு நேர்காணலுக்குச் செல்லும் கிராமத்து வாலிபன், விஷய ஞானம் நிரம்பியிருந்தும், வாய் திறக்க அஞ்சுகிறான். அயல் நாட்டாரோடு டெலிபோனிற் பேசும் வேலைக்குச் சென்ற நம் இளைஞர்களுக்கு, அந்நாட்டாரின் தொனியைப் பழக்கிவைக்கும் வகுப்புகள் ஏற்பட்டன. பேசுகிறவன் குரலைக் கேட்கிறவனுடைய நாட்டு உச்சரிப்பாக அக்கணமே மாற்றிக் கொடுக்கும் கணிப்பொறிச் சாதனங்களும் இப்போது வந்துவிட்டன. நாவின் அடிமைத்தனத்துக்கு யந்திரமும் துணை நிற்கிறது.

இந்த நோய்க்கு மருந்து இங்கிலீஷை வெறுப்பது அன்று, வழிபடுவதும் அன்று. அதன் ஒலிகள் எங்கே, எப்படிப் பிறக்கின்றன என்று தெளிவாக அறிந்துகொள்வதே மருந்து. அறிந்த பொருளினிடத்து அச்சம் தங்குவதில்லை.

மூச்சும் நாதமும்

பேச்சு என்பது வெளியே செல்லும் மூச்சு. நுரையீரலினின்று எழும் காற்று மிடற்றின் வழியே மேலேறுகிறது. அங்கே இரண்டு சிறு தசை மடிப்புகள் வாயிற் கதவுகள் போல நிற்கின்றன. அவை விலகி நின்றால் காற்று சத்தமின்றிக் கடந்து செல்லும். அவை நெருங்கி நின்றால் காற்று மோதி அவற்றை அதிரச் செய்யும். இவ்வதிர்வே நாதம். வயது வந்த ஆண் பேசும்போது இம்மடிப்புகள் வினாடிக்கு ஏறக்குறைய 100 முதல் 120 முறை அதிர்கின்றன. பெண்களுக்கு ஏறத்தாழ 200 முறை. 1854-ல் மானுவல் கார்ஸியா என்னும் சங்கீத ஆசிரியர் சிறு கண்ணாடி ஒன்றைத் தம் தொண்டையிற் செலுத்தி, சூரிய ஒளியின் துணையால் தம்முடைய மடிப்புகள் அசைவதைத் தாமே கண்டார். கண்டதை அடுத்த ஆண்டில் லண்டன் ராயல் ஸொஸைட்டிக்கு எழுதியனுப்பினார்.

கண்ணாடி இல்லாமலே நேயர்கள் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். தொண்டையில் விரலை வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டி ஒலியுங்கள். விரலில் ஒன்றும் தோன்றாது. நாவை அசைக்காமல் அதே ஒலியோடு குரலையும் சேர்த்து வண்டு முரல்வது போல ஒலியுங்கள். விரலில் அதிர்வு தெரியும். பின்னது இங்கிலீஷ் நெடுங்கணக்கின் கடைசி எழுத்துக்குரிய ஒலி. மிருகக்காட்சிச் சாலைக்கு வழங்கும் இங்கிலீஷ்ச் சொல்லை நாம் 'ஜூ' என்று எழுதுகிறோம். ஆனால் அது ஜகரம் அன்று, நாதம் சேர்ந்த ஸகரமே. 'இந்த ஒலி தமிழனுக்கு வராது' என்று பேசப்படும் ஒலி, ஒரு விரலையும் ஒரு நிமிஷத்தையும் கொண்டு கற்றுக்கொள்ளத் தக்கதாயிருக்கிறது.

தென் இங்கிலாந்தில் படித்தோர் பேச்சை அளவாகக் கொண்டால், இங்கிலீஷில் மெய்யொலிகள் 24. அவற்றுள் எட்டு ஜோடிகள் சுவாசம், நாதம் என்னும் இவ்வொரு வேற்றுமையாலேயே பிரிகின்றன. 'பின்' என்னும் குண்டூசியின் முதலொலியும், 'பிக்' என்னும் பெரியது என்ற சொல்லின் முதலொலியும் அத்தகைய ஒரு ஜோடி. இரண்டிலும் இதழ்கள் ஒன்றுபோலவே மூடித் திறக்கின்றன. முன்னதில் மூச்சு, பின்னதில் நாதம். எஞ்சிய எட்டனுள் ஹகரம் ஒன்றே மூச்சொலி. மற்ற ஏழும் நாதம் உடையன.

இடமும் முயற்சியும்

ஒரு மெய்யை அறிய மூன்று கேள்விகள் போதும். நாதம் உண்டா? எவ்விடத்திற் பிறக்கிறது? எவ்வகை முயற்சியாற் பிறக்கிறது? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் 24 மெய்களும் வரிசையாகத் தத்தம் இடத்தில் வந்து நிற்கும்.

இடத்தை இதழிலிருந்து தொடங்கித் தொண்டை வரை பார்ப்போம். இரண்டு இதழும் கூடப் பகரமும் மகரமும் பிறக்கின்றன. மேற்பல் கீழிதழைத் தொட, 'ஃபாதர்' என்னும் சொல்லின் முதலொலியும் அதன் நாத ஜோடியான வகர ஒலியும் பிறக்கின்றன. நா நுனி பல்லின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்க, 'திங்க்' என்று நாம் எழுதும் சொல்லின் முதலொலி உண்டாகிறது. மேற்பல்லின் பின்னே விரலால் தடவிப் பார்த்தால் ஒரு மேடு தென்படும்; அம்மேட்டில் நா நுனி ஒற்றியோ நெருங்கியோ 'டீ', 'டோர்', 'நோ', 'லைட்', 'ஸன்' என்பவற்றின் முதலொலிகளை எழுப்புகிறது. அதற்கும் சற்றுப் பின்னே ஷகரம், சகரம், ஜகரம், அண்ணத்தின் நடுவில் யகரம், பின்னண்ணத்தில் ககரமும் ஙகரமும், மிடற்றில் ஹகரம்.

முயற்சி பல வகைப்படும். காற்றை முற்றும் அடைத்துத் திடீரென விடுவது தடையொலி, இவை 6. சிறு இடைவெளி விட்டுக் காற்றை உரசிச் செல்லவிடுவது உரசொலி, இவை 9. அடைத்து, விடும்போது உரசவிடுவது இரண்டும் கலந்த ஒலி. சகரமும் ஜகரமுமாக இவை 2. வாயை அடைத்து மூக்கின் வழியே விடுவது மூக்கொலி, இவை 3. நாவின் இருமருங்கிலும் காற்றை விடும் லகரம் 1. உரசலின்றி உறுப்புக்கள் நெருங்க மட்டும் செய்யும் ரகர, யகரங்களும், இதழ் குவித்த வகரமும் சேர்ந்து 3. கூட்டிப் பார்க்க 24 ஆகின்றன.

உயிரொலிகளுக்குத் தடையும் இல்லை, உரசலும் இல்லை. நாவின் எப்பகுதி உயர்கிறது, எவ்வளவு உயர்கிறது, இதழ் குவிகிறதா என்னும் மூன்றுமே அவற்றைப் பிரிக்கின்றன. லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் ஒலிநூல் பயிற்றிய டானியல் ஜோன்ஸ் இவற்றை ஒரு நாற்கோணப் படத்தில் அமைத்துக் காட்டினார். பழைய கணக்குப்படி தென் இங்கிலாந்துப் பேச்சில் ஒற்றை உயிர்கள் 12, இரட்டை உயிர்கள் 8, ஆக 20. பணம் வைக்கும் இடத்தை நாம் 'பாங்கி' என்றும் 'பேங்க்' என்றும் மாறி மாறி எழுதுவதேன்? அதன் உயிரொலி ஆகாரத்துக்கும் ஏகாரத்துக்கும் நடுவே நிற்பதால், நமது எழுத்து இரண்டில் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. 'ஷிப்' என்னும் கப்பலுக்கும் 'ஷீப்' என்னும் ஆட்டுக்கும் உள்ள பேதமும் மாத்திரையால் மட்டும் அமைந்ததன்று. நாவின் உயரமும் சிறிது மாறுகிறது.

நமது முன்னோர் கண்டது

மேற்கூறியவற்றைப் படித்துவரும் தமிழன், 'இது எங்கேயோ கேட்டதாயிற்றே' என்று எண்ணக்கூடும். உண்மைதான். தொல்காப்பியத்தின் காலம் பற்றி அறிஞரிடையே பேதமுண்டு. ஆனால் நமக்குக் கிடைத்துள்ள தமிழ் இலக்கணங்களுள் அதுவே தொன்மையானது. அதன் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என ஓர் இயலே உளது. உந்தியினின்று எழும் காற்று, நெஞ்சு, கழுத்து, தலை ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புக்களின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலியாகிறதென்று ஆசிரியர் கூறுகிறார். தகர நகரங்கள் மேற்பல்லின் அடியை நா நுனி பரந்து ஒற்றப் பிறப்பனவென்றும், மகரம் இரண்டு இதழும் இயையப் பிறப்பதென்றும், வகரம் பல்லும் இதழும் இயையப் பிறப்பதென்றும் அவர் பகுத்துரைக்கிறார். எழுத்தை அதன் வரிவடிவால் அன்றி, பிறப்பிடத்தால் அறிவது நமக்குப் புதிதன்று.

வடமொழியிலும் வேதங்களின் உச்சரிப்பைக் காக்க எழுந்த பிராதிசாக்கியங்கள், நாதம் சுவாசம் என்னும் பிரிவை மிடற்றின் திறப்போடு சேர்த்து விளக்கின. கிரேக்க, லத்தீன் இலக்கணிகளுக்கு அவ்வேற்றுமையின் காரணம் புலப்படவில்லை. அமெரிக்கப் பண்டிதர் வில்லியம் டுவைட் விட்னி 1862-லும் 1871-லும் இரண்டு பிராதிசாக்கியங்களை மொழிபெயர்த்து வெளியிட்டார். 1919 முதல் 1928 வரை லாகூரில் பஞ்சாப் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்து, பின்னர் லண்டனிற் புகழ்பெற்ற ஜே. ஆர். பெர்த், 1946-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். சர் வில்லியம் ஜோன்ஸ் அறிமுகம் செய்துவைத்த இந்திய இலக்கணிகள் இல்லாவிடில், 19-ம் நூற்றாண்டு இங்கிலீஷ் ஒலிநூலாரை எண்ணிப் பார்ப்பதே அரிது என்பது அவர் கருத்து. இதே பெர்த், 1934-ல் தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் ஒரு சுருக்க நூல் எழுதினார்.

இதனை நாம் வீண் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிறப்பிடம் கண்டு ஒலியை வகுக்கும் அறிவு இந்த மண்ணில் விளைந்தது. அதன் உதவியோடு மேனாட்டார் தம் மொழியை ஆராய்ந்து தெளிந்தனர். நாமோ அவ்வறிவை ஏட்டில் உறங்கவிட்டு, அவர் வாயசைவைப் பார்த்துப் பார்த்துத் திகைக்கிறோம்.

யார் நா பிழை செய்கிறது?

தமிழர் நா இங்கிலீஷில் எங்கே வழுவுகிறதென்று பார்ப்போம். 'டீ', 'டோர்' என்பவற்றின் முதலொலி, பற்களுக்குப் பின்னுள்ள மேட்டிற் பிறப்பதென்று மேலே கண்டோம். நமது தகரம் பல்லடியிற் பிறப்பது. டகரமோ நா நுனி பின்னே வளைந்து அண்ணத்தைத் தொடப் பிறப்பது. இங்கிலீஷ் ஒலி இவ்விரண்டுக்கும் இடையே நிற்கிறது. நாம் டகரத்தை வைத்து ஒப்பேற்றுகிறோம். ஆனால் அந்த இடை ஒலி தமிழுக்கு அந்நியமா? அன்று. 'வெற்றி', 'காற்று' என்னும் சொற்களில் றகரத்தின் பழைய ஒலி அவ்விடத்திலேயே பிறந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழர் இன்றும் இரட்டித்த றகரத்தை அவ்வாறே உச்சரிக்கின்றனர். அதனால்தான் நாம் 'மார்க்கெட்' என்று எழுதுவதை அவர்கள் 'மார்க்கற்' என்று எழுதுகிறார்கள். மலையாளிகள் நாவிலும் அவ்வொலி வாழ்கிறது. இங்கிலீஷ்காரரிடம் கடன் வாங்க வேண்டுவதில்லை; நம் வீட்டுப் பரணிலேயே அது கிடக்கிறது.

இங்கிலீஷில் வகரம் இரண்டு. ஒன்று பல்லும் இதழும் கூடுவது. மற்றொன்று இரண்டு இதழையும் குவித்து ஒலிப்பது. 'வெஸ்ட்' என்று நாம் எழுதுவது மேற்குத் திசையா, உள்சட்டையா என்பது இதழின் தொழிலால்தான் விளங்கும். தொல்காப்பியர் சொன்ன வகரமே முன்னது. பின்னதற்கு, ஊகாரம் சொல்லத் தொடங்குவது போல இதழைக் குவித்தாற் போதும்.

இனி, இங்கிலீஷ்காரர் நாவையும் சிறிது சோதிப்போம். 'படு' என்பதற்கும் 'பட்டு' என்பதற்கும் உள்ள வேற்றுமை அவர் செவியில் எளிதிற் புலப்படுவதில்லை. ஒரு சொல்லினுள் மெய்யை இரட்டித்துப் பொருளை மாற்றும் வழக்கம் அவர் மொழியில் இல்லை. தகரத்தையும் டகரத்தையும் ஒன்றாக்கிவிடுவார். ழகரத்தைக் கண்டு அஞ்சுவார். ஆனால் அமெரிக்கர் பலர் ரகரத்துக்காக நாவை வளைக்கும் விதம் நமது ழகரத்தை ஏறக்குறைய ஒத்திருப்பதை அவர் அறியார். இவற்றைக் கொண்டு அவர் நாவைக் குறைந்தது என்று நாம் கூறுகிறோமா? இல்லையே.

காரணம் நாவில் இல்லை. செவிக்கு ஏற்பட்ட பழக்கத்தில் உள்ளது. 'கடல்', 'பங்கு', 'பகல்' என்னும் மூன்று சொற்களையும் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். ககரம் மூன்றிடத்தும் மூன்று விதமாக ஒலிக்கிறது. நமக்கு அது தெரிவதில்லை. ஏனெனில் அவ்வேற்றுமையால் தமிழிற் பொருள் மாறுவதில்லை. அவ்வாறே இங்கிலீஷ்காரர் 'பின்' என்னும்போது பகரத்தை மூச்சோடு வெடிக்கிறார். 'ஸ்பின்' என்னும்போது மூச்சின்றி ஒலிக்கிறார். வாயெதிரே மெல்லிய காகிதத்தைப் பிடித்தால் முன்னதற்கு அது அசையும், பின்னதற்கு அசையாது. ஆயினும் அவர் அதனை உணர்வதில்லை. ஒவ்வொரு மொழியும் தன் மக்களுக்குச் சில வேற்றுமைகளைக் கேட்கவும் சிலவற்றைக் கேளாதிருக்கவும் குழந்தைப் பருவத்திலேயே பழக்கிவிடுகிறது. இதில் உயர்வு ஏது, தாழ்வு ஏது?

உயர்ந்த உச்சரிப்பு உண்டா?

'ஆயினும் இங்கிலீஷுக்கென்று சரியான உச்சரிப்பு ஒன்று உண்டல்லவா?' என்று சிலர் கேட்கலாம். அதன் வரலாற்றைப் பார்ப்போம். 1476-ல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் அமைத்த பின் எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல நிலைபெறலாயிற்று. அதே நூற்றாண்டுகளில் அம்மக்களின் உயிரொலிகள் பெரும் மாறுதல் அடைந்துகொண்டிருந்தன. எழுத்து நின்றது, ஒலி நகர்ந்தது. ஆகையால் 'டஃப்', 'த்ரூ', 'ப்ளௌ' என்னும் சொற்கள் நான்கு எழுத்துக்களாலான ஒரே முடிவைக் கொண்டும் மூன்று விதமாக ஒலிக்கின்றன. எழுத்தைப் பார்த்துச் சரியாகப் படிக்க இங்கிலீஷ்காரருக்கே இயலாதபோது, நமது மாணவன் தவறினால் நகைப்பது நியாயமன்று.

1917-ல் டானியல் ஜோன்ஸ் இங்கிலீஷ் உச்சரிப்பு அகராதியை வெளியிட்டபோது, அவர் எடுத்துக்கொண்டது தென் இங்கிலாந்தில், செல்வர் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிகளிற் பயின்ற குடும்பத்தாரின் பேச்சு. உள்ளதைப் பதிவு செய்வதே அவர் நோக்கம். இதுவே உயர்ந்ததென்று விதிப்பது அன்று. ஆனால் உலகம் அதனை விதியாகவே எடுத்துக்கொண்டது. பி. பி. ஸி. வானொலி 1926-ல் உச்சரிப்பைத் தீர்மானிக்க ஒரு குழு அமைத்தது. 1941-ல் யுத்தத்தின் நடுவே யார்க்ஷயர்க்காரரான வில்பிரெட் பிக்கிள்ஸ் வட இங்கிலாந்துச் சாயலோடு நாடு முழுவதற்கும் செய்தி வாசித்தபோது, அவர் இங்கிலீஷ்காரராயிருந்தும் ஆட்சேபங்கள் கிளம்பின. தம் நாட்டார் நாவையே தாழ்த்தியவர்கள் நமது நாவை என்ன நினைத்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இத்தனைக்கும், பிரதேசச் சாயல் சிறிதுமின்றி அவ்வுயர்குலப் பேச்சைப் பேசுவோர் பிரிட்டனில் நூற்றுக்கு 3 பேரே என்று பீட்டர் ட்ரட்ஜில் என்னும் மொழியறிஞர் மதிப்பிட்டார்.

இன்னும் ஒரு சான்று. அந்த லண்டன் உயர்குலப் பேச்சில், உயிர் தொடராத இடத்தில் ரகரம் ஒலிப்பதில்லை; 'கார்' என்பது 'கா' என்றே நிற்கும். அங்கே ரகரத்தை விடுவது நாகரிகம். 1962-ல் வில்லியம் லபோவ் என்னும் அமெரிக்க அறிஞர் நியூயார்க் நகரின் மூன்று பெருங்கடைகளுக்குச் சென்று, நாலாம் மாடியில் உள்ள பொருள்களைப் பற்றி விற்பனையாளரிடம் வினவினார். 'போர்த் ப்ளோர்' என்னும் விடையில் ரகரம் இருமுறை வருகிறதல்லவா? விலை உயர்ந்த கடையிலே ரகரம் மிகுதியாகவும், மலிவான கடையிலே குறைவாகவும் ஒலித்தது. ஒரே ரகரம், லண்டனில் விட்டாற் பெருமை, நியூயார்க்கிற் சொன்னாற் பெருமை! பெருமை ஒலியில் இல்லை. அதனைப் பேசுவோரின் பணத்திலும் பதவியிலும் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான நிரூபணம் வேண்டுமோ?

செய்யத் தக்கது

'அப்படியானால் எப்படி வேண்டுமாயினும் உச்சரிக்கலாமா?' எனின், அதுவும் நமது கொள்கை அன்று. பேசுவது பிறருக்கு விளங்குவதற்காக. விளக்கத்துக்கு இன்றியமையாதவற்றை முயன்று கற்க வேண்டும். அலங்காரமாக உள்ளவற்றை விட்டுவிடலாம். வெவ்வேறு தாய்மொழியாளர் தமக்குள் இங்கிலீஷிற் பேசும்போது எவ்விடத்திற் பொருள் விளங்காமற் போகிறதென்று ஜென்னிபர் ஜென்கின்ஸ் என்னும் இங்கிலாந்து அறிஞர் ஆராய்ந்து, 2000-ம் ஆண்டில் நூல் வெளியிட்டார். 'திங்க்' என்பதன் முதலொலிக்கு நமது தகரத்தைப் போன்றதொன்றைச் சொல்வதால் பொருள் கெடுவதில்லை என்று அவர் கண்டார். பள்ளிகளில் மாணவனை மிகவும் வருத்தும் ஒலி அதுவே! குறில் நெடில் பேதத்தைக் காப்பதும், சொல்லின் முதலிலுள்ள வல்லொலிகளை மூச்சோடு வெடித்துச் சொல்வதும், வாக்கியத்தில் முக்கியமான சொல்லை அழுத்திச் சொல்வதுமே இன்றியமையாதன என்றும் அவர் காட்டினார். இவற்றுள் முதலாவதைத் தமிழன் தாய்ப்பாலோடு பெற்றிருக்கிறான். மற்ற இரண்டையும் காகிதத் துண்டு ஒன்றையும் சிறிது அப்பியாசத்தையும் கொண்டு அடையலாம்.

எனவே நாம் வேண்டுவது இதுவே. ஆசிரியர்களைப் பயிற்றும் கலாசாலைகளில் ஒலிநூலைத் தமிழிலேயே போதிக்க வேண்டும். தமிழ் வகுப்பிற் பிறப்பியலைக் குருட்டு மனப்பாடமாக அன்றி, விரலைத் தொண்டையிலும் நாவைப் பல்லிலும் வைத்துச் சோதிக்கும் பாடமாக நடத்த வேண்டும். அந்த அடிப்படையின்மேல் இங்கிலீஷ் ஆசிரியர், 'இந்த ஒலி உங்கள் றகரத்தின் இடம். இது உங்கள் ஸகரத்தோடு நாதம்' என்று காட்டினால், பணக்காரப் பள்ளியிற் பயின்றவனுக்கு மட்டும் கிட்டும் என்று எண்ணப்படும் உச்சரிப்பு, பஞ்சாயத்துப் பள்ளிப் பிள்ளைக்கும் கிட்டும். போலச் செய்வதற்குப் பணமும் சுற்றமும் வேண்டும். அறிந்து செய்வதற்கு அறிவு மட்டும் போதும். உத்தியோகம் கொடுப்போரும் வாலிபன் சொல்வது விளங்குகிறதா என்று பார்க்கட்டும். யாரைப் போல ஒலிக்கிறதென்று பார்ப்பதை விட்டொழிக்கட்டும்.

லண்டனில் ஒரு கினியை இழந்து நூலை மூடிய அம்மாணாக்கர், 1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்காக அதே நகரத்துக்கு மீண்டும் சென்றார். செப்டம்பர் 13-ம் தேதி, கிங்ஸ்லி ஹாலிலிருந்து அவர் பேசிய இங்கிலீஷ்ப் பேச்சை வானொலி அட்லாண்டிக் மகாசமுத்திரம் கடந்து அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றது. அவர் பிட்டைப் போலப் பேச முயலவில்லை. தம் குரலில், தம் நிதானத்தில், ஒவ்வொரு சொல்லும் விளங்குமாறு பேசினார். உலகம் காது கொடுத்தது. நமது வாலிபர்கள் நினைவில் வைக்க வேண்டிய உச்சரிப்புப் பாடம் அதுவே.